மண் படாத பாதம்

லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவின் நெரிசல் தாங்காமல் பின்பக்கமாக நழுவினால், சில நிமிட நடையில் மான்செஸ்டர் சதுக்கம். அங்கேதான் வாலஸ் கலெக்‌ஷன். ஓர் அருங்காட்சியகம்; நுழைவுக் கட்டணம் கிடையாது. உண்மையைச் சொன்னால், மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன்.

பெரிய மாடிப்படி ஏறினால் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷேயின் ராஜ்ஜியம். சூரியன் உதிப்பதும் மறைவதுமாக இரண்டு பிரம்மாண்ட ஓவியங்கள். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சுவர்ச்சீலையாக நெய்வதற்காக வரைந்த மாதிரிகள் அவை. கூட்டம் அங்கேதான். எனக்கென்னவோ கண் போனது 1749ஆம் ஆண்டு இடையர் படங்கள் இரண்டின் மேல்.

இலையுதிர் காலப் படத்தில் ஒரு பையன் இடைச்சிக்குத் திராட்சை ஊட்டுகிறான். பளபளவென்று பட்டுப் பாவாடை. வெறுங்கால். கிட்டப் போய்ப் பார்த்தேன். பாதத்தில் ஒரு பொட்டு மண் இல்லை! ஆடு மேய்க்கிற கால் இப்படியா இருக்கும்? பணக்காரர்களின் கிராமத்துக் கனவு என்று நினைத்துச் சிரிப்புதான் வந்தது. படத்தை வரையச் சொன்னவரும் பிரான்சின் சாலை, பாலங்களைக் கவனித்த பெரிய அதிகாரி த்ரூதேன். தன் மாளிகையில் மாட்ட வாங்கியிருக்கிறார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இது வயல்காட்டில் பார்த்த காட்சியே இல்லை, மேடையில் பார்த்தது. நாடக ஆசிரியர் ஃபவார் 1745இல் பாரிஸ் சந்தை மேடையில் போட்ட ஊமை நாடகத்தில், இடையன் லிசெத் என்ற இடைச்சிக்குத் திராட்சை ஊட்டுவான். வசனம் இல்லாத இடத்தில் காதலை வேறெப்படிச் சொல்வது? நடிகையின் காலில் மண் எங்கிருந்து வரும்? சிரித்தது தப்பு. இதே ஜோடியை வான்சென் பட்டறையில் பீங்கான் பொம்மையாகவும் செய்தார்கள்.

பூஷே 1730களிலிருந்தே போவே நெசவுக்கூடத்துக்கும் இடையர் காட்சிகள் வரைந்து கொடுத்தவர். அங்கே படுக்கைத் தறி. மாதிரிப் படத்தைப் பட்டை பட்டையாக வெட்டிப் பாவு நூலுக்கு அடியில் வைத்து, சீலையின் பின்பக்கம் பார்த்து நெய்வார்கள். நெய்து முடித்துத் திருப்பினால் இடம் வலமாகிவிடும். வலக்கையால் பூ நீட்டிய இடையன் சீலையில் இடக்கைக்காரன்.

மழை விட்டிருந்தது. கிளம்புமுன் கோடைப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். அதில் இடையன் மடியில் ஒரு பைக்குழல். முஸெத் என்பார்கள். வாயால் ஊத வேண்டாம், கக்கத்துத் துருத்தியை முழங்கையால் அமுக்கினால் போதும். கன்னம் உப்பாது, முகம் கோணாது. பெண்ணைப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம்.