3.40 என்றார்கள், ஓடியது 3.31

கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு நான் எழுதித் தந்த பில் நிரல், தீபாவளி வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் புதிய சர்வருக்கு மாறியது. மாற்றம் சுலபமாக முடிந்தது. ஆனால் முதல் பில்லே விழவில்லை. ‘ரிட்டர்னிங்’ என்ற சொல்லருகே தொடரியல் பிழை என்று, நிரலை ஓட்டும் பைத்தான் நின்றுவிட்டது.

பில்களைச் சேமிக்க என் நிரல் பயன்படுத்தும் தரவுத்தள நூலகம் எஸ்கியூலைட். சேர்த்த வரிசையின் மதிப்புகளை உடனே திருப்பித் தரும் ரிட்டர்னிங் வசதி அதில் 3.35 பதிப்பில், 2021 மார்ச்சில்தான் வந்தது. சர்வரில் அதைவிடப் பழைய நூலகம் இருக்க வேண்டும் என்று உடனே தோன்றியது. சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தை அழைத்தேன்.

“3.40.1 இருக்கிறது அண்ணா, நானே பார்த்துவிட்டேன். உங்கள் நிரலில்தான் கோளாறு” என்றார் உதவிப் பிரிவில் இருந்த தம்பி. முனையத்தில் எடுத்த படத்தையும் அனுப்பினார். எனக்கு உள்நுழைவு தாருங்கள் என்றதற்கு நேரில் வரச் சொன்னார்கள். கே.எல். சென்ட்ரலில் ரயில் பிடித்து பெட்டாலிங் ஜெயா போனால், கடை முத்திரையிட்ட கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். தொலைபேசியில் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே கடையில் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க, அண்ணன் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கடிதத்திற்குக் காத்திருக்காமல் நிரலையே பேச வைத்தேன். அது தொடங்கும்போது, பைத்தானில் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்த உதவும் எஸ்கியூலைட்3 தொகுதியின் ‘எஸ்கியூலைட்_வெர்ஷன்’ மதிப்பைப் பதிவுக் கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேர்த்து ஏற்றினேன். ‘செலக்ட் எஸ்கியூலைட்_வெர்ஷன்()’ என்று தரவுத்தளத்திடமும் கேட்க வைத்தேன். இரண்டும் ஒரே பதிலைத் தந்தன: 3.31.1. அது சர்வரில் இருந்த உபுண்டு 20.04 இயங்குதளத்துடன் வரும் பதிப்பு.

அந்தத் தம்பி பார்த்தது, தனியாகத் தரவிறக்கி வைத்திருந்த கட்டளைவரிக் கருவியை. அந்தக் கருவி தன் நூலகத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும். பைத்தானோ இயங்குதளத்தின் நூலகத்தை எடுத்துக்கொள்ளும். எஸ்கியூலைட்டுக்குத் தனி சர்வர் கிடையாது, நிரலுக்குள்ளேயே ஓடுவது அது. ஆகவே எந்த நிரல் ஓடுகிறதோ அதனிடம்தான் பதிப்பைக் கேட்க வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. அங்கிருந்த இன்னொருவர் பைத்தானில் வெறும் ‘வெர்ஷன்’ என்று கேட்டு, 2.6.0 என்று வந்ததை அனுப்பி, “உங்கள் தரவுத்தளமே பழங்காலத்தது” என்றார். அது பைத்தான் தொகுதியின் சொந்த எண். தரவுத்தள நூலகத்திற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்படிப் பலரைக் குழப்பியதால்தான் பைத்தான் 3.12இல் அதைக் கைவிடத் தகுந்தது என்று அறிவித்தார்கள், 3.14இல் நீக்கியும் விட்டார்கள். பழைய பைத்தான் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை நம்பிவிடாதீர்கள்.

பதிவுக் கோப்பின் அந்த வரிகளை அப்படியே அனுப்பிய பிறகு மறுபேச்சில்லை. அன்று மாலையே உபுண்டு 22.04க்கு மாற்றித் தந்தார்கள். அதில் 3.37.2 இருக்கிறது. கடையில் பில் விழுந்தது.

பதிப்பைச் சோதிக்கும் நிபந்தனை எழுதுகிறவர்கள் எண்ணைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாக, வைத்து ஒப்பிடாதீர்கள். சரமாகப் பார்த்தால் 3.7.17 என்பது 3.35.0ஐவிடப் புதியதாகிவிடும், ஏனென்றால் முதல் புள்ளிக்கு அடுத்த எழுத்தில் ஏழு மூன்றைவிடப் பெரியது. சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய இயங்குதளத்தில் இருப்பது அந்த 3.7.17தான். ‘எஸ்கியூலைட்_வெர்ஷன்_இன்ஃபோ’ மூன்று எண்களைத் தனித்தனியாகத் தரும். அதை (3, 35, 0) உடன் ஒப்பிடுங்கள். குறைந்தால் நிரல் தொடக்கத்திலேயே காரணத்தைச் சொல்லி நின்றுவிட வேண்டும். என் நிரல்கள் எல்லாவற்றிலும் இப்போது அந்த வரிகள் இருக்கின்றன.