குடை பிடித்தவன்

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஏற்காடு நாகலூரில் மகள் வீட்டில் இருந்தேன். இரவெல்லாம் மழை. விடிந்ததும் பேரன்தான் சொன்னான்: "தாத்தா, நெட் இல்லை."

இல்லாவிட்டால் என்ன, ஒரு பொழுது யூடியூப் கிடையாது, அவ்வளவுதானே என்று டீக்கடைக்கு நடந்தேன். டீயும் வடையும் 30 ரூபாய். 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் கல்லாவைத் திறந்து காட்டினார்: மூன்று பத்து ரூபாய் நாணயங்கள், ஒரு சாவி, காய்ந்த எலுமிச்சம்பழம். எல்லோரும் செல்போனில் போட்டுவிட்டுப் போவதால் சில்லறையே சேர்வதில்லையாம். 2016-இல் யூபிஐ வந்தபோது, இதெல்லாம் மலை ஏறாது என்று வாதாடியவன் நான். இப்போது கையில் பணத்தை வைத்துக்கொண்டு கடன்காரனாக நின்றேன். காலண்டர் தாளில் "வாத்தியார் மாமனார் 30" என்று எழுதிக்கொண்டார்.

ரேஷன் கடையில் வரிசை நகரவில்லை. பருப்பும் பாமாயிலும் உள்ளேதான் இருக்கின்றன. விரல் ரேகைக் கருவிக்கு சர்வர் கிடைக்கவில்லை. முன்னால் நின்ற பாட்டி விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார். காப்பிப் பழம் பறித்தே தேய்ந்த விரல். பழுது அதில்தான் என்று நினைத்துவிட்டார். "உங்கள் விரலில் ஒன்றுமில்லை பாட்டி, எங்கேயோ கேபிள் அறுந்திருக்கிறது" என்றேன். நம்பவில்லை. மறுபடியும் துடைத்தார்.

நான் சேலத்தில் 1988 முதல் 2020 வரை டெலிபோன் லைன்மேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட செய்தியே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அன்று செம்புக் கம்பி அறுந்தால் ஒரு வீடு ஊமையாகும். அது யார் வீடு என்றும் தெரியும். கம்பத்துக்குக் கம்பம் ஏறி, டெஸ்ட் போனை மாட்டி, "ஹலோ, எக்ஸ்சேஞ்சா?" என்று கத்திக் கத்திப் பழுதைத் தேடுவோம்.

மதியம் கீழிருந்து இரண்டு பையன்கள் வேனில் வந்தார்கள். அவர்களிடம் ஒரு கருவி. கேபிளுக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டே அறுந்த இடம் எத்தனையாவது மீட்டரில் என்று சொல்லிவிடுகிறது. போய்ப் பார்த்தால், மிளகுக் கொடியோடு ஒரு சில்வர் ஓக் மரம் கேபிள் மேல் சாய்ந்து கிடந்தது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

தூறல் நிற்கவில்லை. குடை பிடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேபிளுக்குள் 12 கண்ணாடி இழைகள், 12 நிறங்கள். பையன் ஒரு இழையின் மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நறுக்கி, இழைகளை ஒட்டும் இன்னொரு கருவிக்குள் வைத்தான். இழையின் தடிமன் 125 மைக்ரான்; என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஆனால் கருவியின் சின்னத் திரையில் இரண்டு உலக்கைகள் எதிரெதிரே வந்து நின்றன. ஒரு பொறி. இரண்டும் ஒன்றாயின. "குடையை ஆட்டாதீர்கள் ஐயா" என்றான். ஆட்டியது காற்று, ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

நீலம், ஆரஞ்சு, பச்சை முடிந்து பழுப்பு இழையை ஒட்டியதும் என் சட்டைப்பையில் போன் துள்ளத் தொடங்கியது.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஸ்கேன் செய்து 30 ரூபாய் போட்டேன். வந்து சேர்ந்துவிட்டது என்று கடையிலிருந்த பெட்டி தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது. காலண்டரில் என் கணக்கை மட்டும் அவர் இன்னும் அடிக்கவில்லை, பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.