மினசோட்டாவின் இன்சுலின் சட்டம்: 35 டாலருக்கு யார் வாங்கலாம், எப்படி வாங்கலாம்

மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமைக்கு அடுத்த திங்களோடு அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் சட்டமன்றத்தில் வழக்கமான கூட்டத்தொடர் முடிந்தாக வேண்டும். மாநில அரசியல் சாசனம் அப்படி. அது முடிந்த கையோடு உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்குக் கடிதம் அனுப்புவார்கள். மருத்துவமும் சமூக நலமும் அதில் நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். "அவசரத்துக்கு இன்சுலின் 35 டாலர்" என்பது அந்த வகை வரி. பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மருந்துக்கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

சட்டத்துக்கு அலெக் ஸ்மித் பெயர். தாயின் காப்பீட்டில் இருந்தவர். 26 வயதானதும் அதிலிருந்து விலக வேண்டியதாயிற்று. இன்சுலினும் உபகரணங்களும் சேர்த்து மாதம் சுமார் 1,300 டாலர் என்றார்கள். கட்டுப்படியாகாமல் மருந்தைக் குறைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2017 ஜூனில் இறந்துபோனார். ஆளுநர் டிம் வால்ஸ் 2020 ஏப்ரலில் கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் மருந்து உற்பத்தியாளர்களின் சங்கமான ஃபார்மா நீதிமன்றம் போனது. வழக்கு ஒருபுறம் நடக்க, திட்டம் தொடங்கிவிட்டது.

இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று அவசரத் தேவை, மற்றது தொடர் தேவை. இரண்டுக்கும் நிபந்தனை வேறு, தொகை வேறு, போகவேண்டிய இடமும் வேறு. கடிதத்தில் ஒரே வரியாக வருவதால் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் அவசரத் தேவை. கையிருப்பு ஏழு நாளுக்கும் குறைவாக இருக்க வேண்டும். மினசோட்டாவில் வசிக்க வேண்டும். அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களான மெடிக்கல் அசிஸ்டன்ஸ், மினசோட்டாகேர் இரண்டிலும் சேர்ந்திருக்கக் கூடாது. கடந்த 12 மாதத்தில் இதே வழியில் மருந்து வாங்கியிருக்கக் கூடாது. அரசுக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவர் போன்றோருக்கு இந்தக் கடைசி நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. படிவத்தை நிரப்பி, செல்லுபடியாகும் மருந்துச் சீட்டு, மாநில அடையாள அட்டை அல்லது ஓட்டுநர் உரிமம் அல்லது பழங்குடி அரசு தந்த அட்டை, இவற்றோடு மருந்துக்கடைக்குப் போக வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் அட்டை. 30 நாள் மருந்து கிடைக்கும். கடை வாங்கக்கூடிய கோ-பே, அதாவது உங்கள் பங்குக் கட்டணம், அதிகபட்சம் 35 டாலர். கடைக்கு நஷ்டமில்லை: தயாரிப்பு நிறுவனம் பணத்தை ஈடுகட்டும், இல்லையென்றால் அதே அளவு மருந்தைத் திருப்பி அனுப்பும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் காப்பீடு. "காப்பீடு இருந்தால் கிடைக்காது" என்று தாமே முடிவுசெய்து ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எந்த வகை இன்சுலின் ஆனாலும், எவ்வளவு தேவைப்பட்டாலும், 30 நாளுக்கு உங்கள் கைச்செலவு 75 டாலருக்கு மேல் போகாது என்று உங்கள் திட்டம் உறுதி தந்தால்தான் நீங்கள் விலக்கப்படுவீர்கள். டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நீங்களே கட்டவேண்டிய தொகை) பெரிதாக உள்ள திட்டத்தில், ஜனவரியில் முழு விலையும் உங்கள் தலையில் விழுமானால், காப்பீட்டு அட்டை பையில் இருந்தாலும் நீங்கள் தகுதியானவரே. 2023 முதல், முக்கியமாக மூத்தோருக்கான கூட்டரசுக் காப்பீடான மெடிகேரின் மருந்துப் பிரிவு, பார்ட் டி, இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் வரம்பு வைத்துவிட்டதால், அதில் இருப்பவர்களுக்கு இந்த அவசர வழி பொருந்தாது.

அடுத்து மருந்துச் சீட்டு. "சொன்னபடி போட்டுக்கொள்ளவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் 30 நாளுக்கு எவ்வளவு என்று பார்மசிஸ்ட் கணக்குப் போட முடியாது. மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். வெள்ளி மாலை என்றால் திங்கள் வரை காத்திருப்புதான். நாளொன்றுக்கு அதிகபட்சம் எத்தனை யூனிட் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமான யூ-100 இன்சுலினில் 10 மில்லி குப்பிக்கு 1,000 யூனிட், 3 மில்லி பேனாவுக்கு 300 யூனிட். நாளுக்கு 40 யூனிட் போடுபவருக்கு மாதம் 1,200 யூனிட். ஒரு குப்பி போதாது, இரண்டு வேண்டும். பேனா என்றால் ஒவ்வொரு ஊசிக்கும் முன் வெளியேற்றிப் பார்க்கும் 2 யூனிட்டையும் சேர்க்க வேண்டும். நாளுக்கு நான்கு ஊசி போட்டால் மாதம் 240 யூனிட் அதிலேயே போய்விடும். இன்னொன்று: இந்தச் சட்டம் இன்சுலினுக்கு மட்டும். ஊசிமுனை, டெஸ்ட் ஸ்ட்ரிப் செலவு தனி.

அந்த 30 நாள் ஓடுவதற்குள் தொடர் தேவைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இங்கே விண்ணப்பம் மருந்துக்கடைக்குப் போகாது; உங்கள் இன்சுலினைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போகும். இரண்டு நிறுவனங்களின் இன்சுலின் போடுபவர் இரண்டு விண்ணப்பம் போட வேண்டும். குடும்ப வருமானம் கூட்டரசு வறுமைக் கோட்டின் 400 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 2025 அளவுப்படி தனி ஆளுக்கு 62,600 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர். எண்ணைப் பார்த்தால் புரியும், இது பரம ஏழைகளுக்கான திட்டமல்ல. 10 வேலை நாளுக்குள் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்புக்கொண்டால் ஓராண்டுக்குச் செல்லும் தகுதிச் சான்று வரும். அதைக் கடையில் கொடுத்தால், கடை நிறுவனத்திடமிருந்து 90 நாள் மருந்தை வரவழைத்துத் தரும். ஒவ்வொரு 90 நாளுக்கும் கோ-பே 50 டாலருக்கு மிகாது. தனியார் காப்பீடு இருப்பவருக்கு நிறுவனம் தன் கோ-பே அட்டையைக் கொடுத்து அந்த வழியில் அனுப்பவும் கூடும். மறுத்தால் மாநில மருந்தியல் வாரியத்திடம் மேல்முறையீடு உண்டு. மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிவம் நிரப்பத் தயக்கமா? மாநிலக் காப்பீட்டுச் சந்தையான எம்என்ஷ்யூரின் நேவிகேட்டர்கள் இலவசமாக உதவுவார்கள்.

விதியை மீறும் நிறுவனத்துக்கு மாதம் 2 லட்சம் டாலர் அபராதம். ஆறு மாதம் நீடித்தால் 4 லட்சம், ஓராண்டைத் தாண்டினால் 6 லட்சம். இந்தப் பல் இல்லாவிட்டால் சட்டம் வெறும் வேண்டுகோளாக நின்றிருக்கும்.

2023-ல் சட்டமன்றம் இன்னொரு வரம்பும் வைத்தது: நீரிழிவு, ஆஸ்துமா, எபிநெஃப்ரின் ஊசி தேவைப்படும் ஒவ்வாமை ஆகியவற்றுக்கு மருந்து ஒன்றுக்கு மாதம் 25 டாலர், அதற்கான உபகரணங்கள் எல்லாம் சேர்த்து மாதம் 50 டாலர். ஆனால் மாநிலம் ஒழுங்குபடுத்தும் திட்டங்களுக்கே இது செல்லும். பெரிய நிறுவனங்கள் பல, ஊழியரின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்று, காப்பீட்டு நிறுவனத்தை நிர்வாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன. அவற்றின் மேல் மாநிலத்தின் கை எட்டாது. அட்டையில் பழகிய காப்பீட்டுப் பெயர் இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம், அலுவலக மனிதவளப் பிரிவில் "நம் திட்டம் செல்ஃப்-ஃபண்டடா?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடிதத்தின் மற்ற வரிகளைப் படிக்கும்போது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பாருங்கள். 2026 ஜனவரி 1-ல் தொடங்கிய சம்பளத்துடன் கூடிய மருத்துவ, குடும்ப விடுப்பு சுகாதாரத் துறையிடம் இல்லை, வேலைவாய்ப்பு, பொருளாதார வளர்ச்சித் துறையிடம் இருக்கிறது. உணவு உதவியான ஸ்னாப், மனித சேவைகள் துறையிலிருந்து பிரிந்த குழந்தைகள், இளையோர், குடும்பங்கள் துறைக்குப் போய்விட்டது. விண்ணப்பம் மட்டும் பழையபடி கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) வழியாகவே.

பழைய கடிதத்தைப் பத்திரப்படுத்தி வைப்பதிலும் ஆபத்து உண்டு. ஆவணமில்லாத குடியேறிகளுக்கும் மினசோட்டாகேர் என்று 2023-ல் சட்டமானது, 2025 ஜனவரியில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் சிறப்புக் கூட்டத்தில் பெரியவர்களுக்கான பகுதி விலக்கிக்கொள்ளப்பட்டு, டிசம்பரோடு நின்றது. குழந்தைகளுக்கு மட்டும் தொடர்கிறது.

சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும் என்ற தேதி கடிதத்தில் இல்லையென்றால் ஒரு பொதுவிதி இருக்கிறது. சட்டம் தானே தேதி குறிக்காதபோது, நிதி ஒதுக்கீடு என்றால் ஜூலை 1, மற்றவை ஆகஸ்ட் 1.