ஒரு சிறுத்தை, இரண்டு கேமரா

புலியின் வரியும் சிறுத்தையின் புள்ளியும் இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. காட்டில் விலங்குகளைப் படமெடுத்து எண்ணும்போது, ஒரு படத்தில் இடப்பக்கம் மட்டும், இன்னொன்றில் வலப்பக்கம் மட்டும் விழுந்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடுவோம். ஆகவே காட்டுப்பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில், விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா ஒவ்வொன்று கட்ட வேண்டும். நேருக்கு நேர் வேண்டாம், ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும். (வனத்துறை அனுமதி இல்லாமல் கட்டவே கூடாது.)

சென்சார் உணர்வது சூட்டின் அசைவை. வெயிலேறிய புல் காற்றில் ஆடினாலே மெமரி கார்டு நிரம்பிவிடும். முன்னாலுள்ள புல்லைச் சீவிவிடுங்கள். கோடை மதியத்தில் தரையும் உடம்பும் ஒரே சூடு என்பதால் மான் கடந்தாலும் சிலசமயம் பதிவாகாது.

வரி ஆயுளுக்கும் மாறாது, பழைய படங்களோடு ஒப்பிடலாம். புள்ளிமானின் கொம்பை நம்பாதீர்கள், உதிர்ந்து முளைப்பது அது. பேட்டரி மாற்றியதும் தேதியைச் சரிபாருங்கள்.