சொட்டுத் தண்ணீர், ஒரு ஃப்ளாஷ், கறுப்பு ட்ரே

40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சொட்டு, கீழே தண்ணீரைத் தொடும்போது நொடிக்குச் சுமார் 2.8 மீட்டர் வேகத்தில் வரும். 1/200 நொடி ஷட்டர் திறந்து மூடுவதற்குள் 14 மி.மீ. போய்விடும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் சொட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுவது இதனால்தான்.

கேமராவின் மேல் மாட்டும் சாதாரண ஃப்ளாஷில் பவரைக் குறைத்தால் அது எரியும் நேரம் சுருங்கும். 1/32 பவரில் பெரும்பாலானவை 1/10000 நொடிக்கும் குறைவாகத்தான் எரியும். அதற்குள் சொட்டு நகர்வது கால் மில்லிமீட்டர் அளவுதான். அறையை இருட்டாக்கிவிட்டால் ஷட்டர் 1/200 போதும். வேகமாக எடுக்கிறோம் என்று 1/4000க்குப் போய் ஹை ஸ்பீட் சிங்க் போடாதீர்கள். அதில் ஃப்ளாஷ் விட்டு விட்டு நீண்ட நேரம் எரியும், சொட்டு இழுபட்டுத் தெரியும்.

சொட்டு விட மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ட்ரிப் செட்டுக்கு நிகரில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியில் துளையிட்டு அதன் கூர்முனையைச் செருகி, பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டுங்கள். பாட்டிலின் அடிப்பக்கம் ஊசியால் ஒரு ஓட்டை வேண்டும். காற்று உள்ளே போகாவிட்டால் பத்துப் பதினைந்து சொட்டிலேயே நின்றுவிடும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் ஓடவிட்ட பிறகு, குழாயில் உள்ள வேகக் கட்டுப்பாட்டு உருளையைத் திருகி இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். பாட்டிலில் தண்ணீர் இறங்க இறங்க வேகமும் குறையும், அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கும்.

கீழே கறுப்பு ட்ரே, 4 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். விளிம்பு வரை தளும்ப நிரப்பினால் முன்பக்க ஓரம் படத்தில் வராது. ஃபோகஸுக்கு, சொட்டு விழும் இடத்தில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, சொட்டு அதன் மேல் படுவதைப் பார்த்து, அந்தப் புள்ளியில் மேனுவலாகக் குவித்துவிட்டு ஸ்கேலை எடுத்துவிடுங்கள். லென்ஸ் துளை எஃப்/11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 நல்ல தொடக்கம். சீலிங் ஃபேனைக் கட்டாயம் அணையுங்கள். மெல்லிய காற்றுக்கே குழாயின் நுனி ஆடும், சொட்டு ஃபோகஸை விட்டு ஒரு செ.மீ. தள்ளி விழும். படம் தெளிவில்லை என்று லென்ஸைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி ஃபேன்தான்.

ஃப்ளாஷை நேராகத் தண்ணீர்மேல் அடித்தால் கண்ணைக் குத்தும் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். ட்ரேக்குப் பின்னால் 30 செ.மீ. தள்ளி வண்ண சார்ட் பேப்பரை நிறுத்தி, வெளிச்சத்தை அதன்மேல் அடியுங்கள். சொட்டு ஒரு குட்டி லென்ஸ் மாதிரி அந்த நிறத்தைத் தலைகீழாகத் தனக்குள் காட்டும்.

இனி நேரம். சென்சார் எதுவும் வேண்டாம். 40 செ.மீ. விழ 0.29 நொடி ஆகும். சொட்டு நுனியை விட்டுப் பிரிவதைக் கண் பார்த்து விரல் அழுத்த 0.2 நொடிக்கு மேல், கேமராவின் தாமதம் இன்னும் கொஞ்சம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே கணக்கு! அதனால் பிரியும்போதே அழுத்துங்கள். சொட்டு இன்னும் அந்தரத்திலேயே தெரிந்தால் குழாயை இறக்குங்கள், எல்லாம் முடிந்து அலைவட்டம் மட்டும் தெரிந்தால் ஏற்றுங்கள். விரலின் பழக்கத்தை மாற்றுவதைவிட உயரத்தை மாற்றுவது எளிது. 25 செ.மீ.க்கு இறக்கினால் சொட்டு 0.06 நொடி முன்னதாகவே விழுந்துவிடும். பள்ளம் மூடி நடுவில் எழும் தூண் அப்போது சிக்கும். என்ன, வேகம் குறைவதால் தூண் சற்றுக் குட்டையாக இருக்கும்.

வெறும் தண்ணீரில் தூண் சீக்கிரம் உடைந்து சிதறும். அரை லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கிளிசரின் கலந்து பாருங்கள், வடிவம் வழவழப்பாக வரும். சொட்டு விழுந்ததும் கிரீடம் போலத் தெறித்தெழும் மகுடம் வேண்டுமென்றால் ட்ரேயைத் தூக்கி வைத்துவிட்டு, தட்டில் 2 மி.மீ.க்குப் பால் ஊற்றுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன் 1957இல் எடுத்த புகழ்பெற்ற பால்துளி மகுடமும் ஃப்ளாஷின் நொடிப்பொழுது வெளிச்சத்தில் வந்ததுதான்.

ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு அலை அடங்கியதா என்று பாருங்கள். அடங்காத தண்ணீரில் விழும் சொட்டு கோணலாகத்தான் எழும். நூறு எடுத்தால் நாலைந்து தேறும். லென்ஸில் ஒரு ஃபில்டர் மாட்டிக்கொள்ளுங்கள், பால் காய்ந்தால் துடைப்பது பெரும்பாடு.