கோழியின் வாலடியில் ஒரு பை

கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் பிரேதப் பரிசோதனை கற்றுத்தரும்போது, கறிக்கோழிக் குஞ்சின் கழிவாய்க்கு மேலே ஒட்டியிருக்கும் சிறு உருண்டையைத் தனியே பிரித்துக் காட்டுவது என் வழக்கம். வெளியே வழவழப்பாக, வெளிர்மஞ்சள் கொட்டை போலிருக்கும். நறுக்கினால் உள்ளே புத்தகத் தாள்களைப் போல மடிப்பு மடிப்பாகத் தெரியும். ஃபாப்ரிசியஸின் பர்சா என்று பெயர். பதுவா நகரத்து உடற்கூற்றியலாளர் ஃபாப்ரிசியஸ் இதைப் பற்றி எழுதியது, அவர் மறைந்த பிறகு 1621இல் அச்சேறியது. பெட்டைக்கோழி விந்தைச் சேமித்து வைக்கும் பை என்று அவர் நினைத்தார். அதன் உண்மையான வேலை தெரியவர மேலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அண்மையில் பதவி உயர்வு விண்ணப்பங்கள் சிலவற்றைப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே ஆய்விதழின் தாக்கக் காரணி (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு), மேற்கோள்களின் எண்ணிக்கை, முடிவில் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எச்-குறியீடு என்று எண்களாகவே நிரம்பிய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பர்சாவின் வேலையைக் கண்டுபிடித்த புரூஸ் கிளிக் இப்படியொரு படிவத்தை நிரப்பியிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்ற எண்ணம் வந்து போகவே மறுத்தது.

1950களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோழி அறிவியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் அவர். பர்சா குஞ்சுப் பருவத்தின் முதல் சில வாரங்களில்தான் மிக வேகமாக வளர்கிறது என்று கண்டறிந்து, அந்த வயதிலேயே அதை அறுத்து நீக்கிப் பார்த்தார். குஞ்சுகள் எந்த மாற்றமும் இல்லாமல் வளர்ந்தன. அந்தச் சமயத்தில் சக மாணவர் டிமோத்தி சாங்குக்கு, கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருள் உருவாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கின் கோழிகளைக் கேட்டு வாங்கி, எதிர்ப்பொருள் உருவாகத் தூண்டும் சால்மோனெல்லா பாக்டீரியப் பொருளை ஊசி மூலம் செலுத்தினார். செய்முறை தோற்றுப்போனது, பெரும்பாலானவற்றில் எதிர்ப்பொருள் உருவாகவே இல்லை. வேறொருவர் என்றால் மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். இவர்களோ எந்தக் கோழிக்குப் பர்சா நீக்கப்பட்டது என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள்.

கூடுதல் கோழிகளைக் கொண்டு சோதனையை மீண்டும் செய்து, எழுதிய கட்டுரையை ‘சயன்ஸ்’ இதழுக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வந்தது. பிறகு 1956இல் ‘பவுல்ட்ரி சயன்ஸ்’ இதழில் வெளியாயிற்று. தீவனம், முட்டை எண்ணிக்கை, இனப்பெருக்கம் ஆகியவற்றுக்கான அந்த இதழை மனித மருத்துவம் பயின்ற நோய்த்தடைக்காப்பியலாளர்களில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்? சில ஆண்டுகள் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

அதைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர், மின்னசோட்டாவில் ராபர்ட் குட்டுடன் பணியாற்றிய குழந்தை மருத்துவர் மேக்ஸ் கூப்பர். பொரித்த உடனேயே பர்சாவையோ கழுத்திலுள்ள தைமஸ் என்ற உறுப்பையோ நீக்கி, அதற்குள் உடலில் பரவிவிட்ட செல்களைக் கதிர்வீச்சால் அழித்து அவர்கள் செய்த சோதனை 1965இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பர்சா இல்லாதவற்றுக்கு எதிர்ப்பொருள் இல்லை. தைமஸ் இல்லாதவற்றுக்கு, ஒட்டிய அயல் தோலைச் சரிவர நிராகரிக்கும் திறன் இல்லை. எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல், தைமஸில் முதிரும் டி செல் என்று இன்று பள்ளிப் பாடநூலில் இருக்கும் பிரிவு இங்கேதான் தெளிவடைந்தது. பி என்பது பர்சாவின் முதலெழுத்து. பாலூட்டிகளில் அந்த வேலையைச் செய்யும் எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரும் அதே எழுத்தில் தொடங்குவது தற்செயல்தான்.

தைமஸின் பணியை 1961இல் வெளிப்படுத்திய ஜாக் மில்லருக்கும் கூப்பருக்கும் 2019இல் லாஸ்கர் விருது கிடைத்தது, அது முற்றிலும் தகுதியானதே. ஆனால் தாக்கம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கிளிக்கின் கட்டுரை பின்னாளில் நிறையவே மேற்கோள் காட்டப்பட்டது என்றாலும், பி செல்லைப் பற்றி இன்று எழுதுகிறவர் அதைக் குறிப்பிடுவதில்லை. அந்தக் கண்டுபிடிப்பு ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டதால், எந்தக் குறியீடும் அதை எண்ணுவதில்லை.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இருக்காது. கம்போரோ நோய்க்கிருமி குஞ்சின் பர்சாவைத்தான் தாக்குகிறது. பிழைத்த குஞ்சுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டாலும் அது சரியாகப் பிடிக்காது. போன வாரம் மேசைக்கு வந்த குஞ்சில் பர்சா வீங்கி, மடிப்புகளில் இரத்தப் புள்ளிகள் இருந்தன. மாணவி ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை எடுத்துவிட்டால் கோழிக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.