காண்டின்ஸ்கி ஒளித்துவைத்த படகு

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1913-ல் மியூனிக்கில் வரைந்த 'கம்போசிஷன் 7' ஓவியத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு நகராதீர்கள். 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். இப்போது மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. முதலில் தெரிவது, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டு ஓடுவது மட்டும்தான். அப்புறம் கீழே இடது மூலைக்குப் போங்கள். வளைந்த ஒரு கோடு, அதை வெட்டிச் செல்லும் சாய்வான சில கோடுகள். படகும் துடுப்புகளும்!

வெறும் ஊகம் இல்லை இது. அவருடைய முந்தைய படங்களில் துடுப்போடு கூடிய படகு இன்னும் தெளிவாகவே வருகிறது. 1911-ல் கண்ணாடியில் வரைந்த 'அனைத்துப் புனிதர்கள்' படத்தில் எக்காளம் ஊதும் தேவதூதரும் உண்டு. பெருவெள்ளம், இறுதித் தீர்ப்பு, உயிர்த்தெழுதல் என்று பைபிள் காட்சிகளை எடுத்து, படத்துக்குப் படம் உருவங்களைக் கரைத்துக்கொண்டே வந்தார். 'கம்போசிஷன் 7'-க்கு மட்டும் 30-க்கும் மேற்பட்ட முன்வரைவுகள். பெரிய கேன்வாஸை நவம்பர் கடைசியில் 4 நாளில் முடித்துவிட்டார். அது வளர்ந்த விதத்தை அவருடைய துணைவியும் ஓவியருமான கேப்ரியேல மூன்டர் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார்.

இப்படி உருவங்கள் தெளிவாகத் தெரியாத அரூப ஓவியம் என்றால் கண்டபடி தீற்றுவது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு வலிக்கும். அவர்களிடம் இந்தப் படகைத்தான் காட்டுவேன். நல்ல தெளிவான பிரதி இணையத்திலேயே கிடைக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், துடுப்புகள் பிடிபட்டதா என்று சொல்லுங்கள்.